முனிக்குக் கேட்ட வாய்

எங்க பெரியப்பா ஒரு பேச்சு சொல்வார். "வடிச்சவன் கை மணக்கும், குடிச்சவன் வாய் மணக்கும்..." அதுக்கப்புறம் மூணாவதா ஒருத்தன் வருவான். அவனுக்கு எது மணக்கும்னு மறந்துபோச்சுங்க. நாக்கு நுனியிலே வந்து நிக்குது, இறங்கமாட்டேங்குது. நீங்க கேள்விப்பட்டதுண்டா? இல்லையா? போகட்டும்.

நல்லா நகர்ந்து உட்காருங்க. பலாப்பழம் காலிலே இடிச்சா இடிக்கட்டும், வாசனை நல்லாத்தான் இருக்கு. மக வீட்டுக்கா? வெறுங்கையோட போக முடியுமா, பண்ருட்டிக்காரரு. நான் மஞ்சக்குப்பத்திலேயே இறங்கிடுவேன். கோர்ட்டுக்கு. ஐயையோ, கேஸு என் மேலே இல்லீங்க. நான் சாட்சி.

கேஸு அவங்க மேலே. அதோ, டிரைவருக்குப் பின்னாடி, பச்சைச் சேலை, முக்காடு போட்டுக்கிட்டு. எங்க அண்ணி. காசாம்புன்னு பேரு. செத்துப்போன எங்க அண்ணன் சம்சாரம். ஜாமீன்லே இருக்காங்க. தாழம்பட்டிலேர்ந்து கடலூருக்குக் காலையிலே இந்த ஒரு பஸ்ஸுதான். சாட்சியும் இதிலேதான் போயாகணும், கைதியும் இதிலேதான் போயாகணும். ஏறும்போது பார்த்தாங்க. பேசலை. ஆனா டிக்கெட் எனக்கும் சேர்த்து எடுத்துட்டாங்க. கண்டக்டர் வந்து, "உங்களுக்கு எடுத்தாச்சுங்க"ன்னுட்டுப் போறான். எனக்கு எப்படி இருக்கும் சொல்லுங்க?

என்ன கேஸா? சாராயக் கேஸு. அப்படி மூஞ்சியைச் சுளிக்காதீங்க. கடைச் சாராயம் இல்லீங்க அது. முனிப்பானை.

எங்க ஊர்லே வாழ்முனிக்கு ஒரு கோயில் உண்டு. கோயில்னா கூரை கிடையாது, கரும்புக் கொல்லைக்கு நடுவிலே உட்கார்ந்திருப்பார், கண்ணை உருட்டிக்கிட்டு. கரும்பாலை ஓட ஆரம்பிச்சா, முதல் கொப்பரையிலே இறக்கின வெல்லத்தை யாரும் விக்கமாட்டாங்க, வாயிலேயும் வைக்கமாட்டாங்க. எங்க வீட்டுக்கு வந்துடும். வெல்லமும் வெள்வேலம்பட்டையும் போட்டு ஊறல் வெச்சு, பானை மேலே பானை ஏத்தி வடிக்கணும். வடிக்கிறது பொம்பளைதான். மாமியாகிட்டேர்ந்து மருமகளுக்கு வர்ற முறை. எங்க அம்மாகிட்டேர்ந்து அண்ணிக்கு வந்தது. பானை என்னவோ மண்ணுதான், வருஷா வருஷம் புதுசு. முறைதான் பழசு.

அதிலே விசேஷம் என்னன்னா, முனிக்குப் படைச்சது போக மிச்சம் எங்க வீட்டிலேயே இருக்கும். மாசி மாசம் முழுக்க, எவன் வேணும்னாலும் வாசல்லே வந்து நின்னு, தொன்னையை நீட்டி, "முனிக்கு"ன்னு ஒரு வார்த்தை சொன்னா ஊத்தியாகணும். பிள்ளை பெத்தவளுக்குன்னு கேட்பான், குளிர்சுரத்துக்குன்னு கேட்பான், சும்மாவும் கேட்பான். எதுக்குன்னு கேட்கக் கூடாது. என்ன சாதின்னு கேட்கக் கூடாது. இல்லைன்னு சொல்லவே கூடாது. தீர்ந்துபோச்சுன்னா, "முனி குடிச்சிட்டார்"னுதான் சொல்லணும். இன்னொண்ணு, ஊத்தறவ முகத்தைப் பார்க்கக் கூடாது. முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு, நீட்டின கையைத்தான் பார்க்கணும். வந்தது முனியாவே இருந்தா? அதுக்காக.

இது குத்தமா, நீங்களே சொல்லுங்க? எங்க பாட்டன் காலத்திலே அவனவன் வீட்டிலே காய்ச்சினான். அப்புறம் சட்டம் வந்தது. சர்க்கார் குத்தகைக்கு விட்ட கடையிலேதான் வாங்கணும், அந்தக் கடைக்கு ஆலையிலேர்ந்துதான் சரக்கு வரணும். புகைக்கூண்டு வெச்சுக் காய்ச்சினா தொழில், மண்பானையிலே காய்ச்சினா குத்தம். இதை நான் சொல்லலீங்க. ஹார்ட்லி துரையே சொல்லிட்டுச் சிரிச்சார். நல்ல மனுஷன். அவரைப் பத்தி வர்றேன்.

அதுக்கு முந்தி என்னைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாத்தான் உங்களுக்குப் புரியும். நான் தென்னாப்பிரிக்காவிலே, நேட்டால்லே இருந்தவன். கரும்பு வெட்டப் போகலை. இங்கே கடலூர் மிஷன் பள்ளிக்கூடத்திலே இங்கிலீஷ் படிச்சுட்டு, அங்கே கோர்ட்டிலே மொழிபெயர்ப்பு வேலை. தமிழாளு சொல்றதைத் துரைக்கு இங்கிலீஷிலே சொல்லணும், துரை சொல்றதை இவனுக்குத் தமிழிலே சொல்லணும். அதுக்கு ஒரு தர்மம் இருக்கு. அவன் "நான் வெட்டினேன்"னு சொன்னா, நானும் "நான் வெட்டினேன்"னுதான் சொல்லணும். ஆனா வெட்டினது நானா? வாய் என்னுது, வார்த்தை என்னுது இல்லை. எத்தனை பேரோட கொலையும் களவும் இந்த வாயாலே வந்திருக்கு! சாயங்காலம் வாயைக் கொப்புளிச்சுட்டு வீட்டுக்குப் போயிடுவேன். தூக்கமெல்லாம் நல்லா வரும்.

சம்சாரம் அங்கேயே போய்ச் சேர்ந்துட்டா. பிள்ளை குட்டி இல்லை. ஊருக்குத் திரும்பறவங்களைக் கப்பலேத்தி அனுப்பறோம்னு ஒரு ஏற்பாடு வந்தது, ஏறிட்டேன். இங்கே வந்தா அண்ணன் இல்லை. அண்ணி வாசல்லே நின்னு என்னை ஏற இறங்கப் பார்த்தாங்க. "உன் பங்கு நிலம் அப்படியே இருக்கு தம்பி, கரும்பு போட்டிருக்கேன். மொதல்ல காலைக் கழுவு"ன்னாங்க. அவ்வளவுதான். ஒப்பாரி இல்லை, ஏன் இத்தனை நாள்னு ஒரு கேள்வி இல்லை. எனக்கு அதுவே ஒரு மாதிரியா இருந்துது. நாலு வார்த்தை திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்.

ஊர்லே என்கூடப் பேச ஆளில்லீங்க. பேசறாங்க, ஆனா என்ன பேச்சு? மாடு கன்னு போட்டுது, ஏரியிலே தண்ணி வத்திப்போச்சு. ரெண்டு பாஷை படிச்சவனுக்கு ஒரு பாஷையிலே மட்டும் வாழறது ஒத்தைக் காலிலே நிக்கிற மாதிரி. அப்பத்தான் ஹார்ட்லி துரை முசாபரி பங்களாவிலே வந்து தங்கினார். கள்ளு, சாராயம் சம்பந்தமா சர்க்கார் வேலை. புதுசு. தமிழ் சுத்தமா வராது. மணியக்காரர் என்னைக் கூட்டிக்கிட்டுப் போய் விட்டார். "வாங்க மிஸ்டர் தெய்வநாயகம்"னு நாற்காலி போட்டார். நாற்காலிங்க! மணியக்காரர் நின்னுக்கிட்டிருக்கார், நான் உட்கார்ந்திருக்கேன்.

அப்புறம் தினம் போவேன். அவருக்கு எதைப் பத்தியும் தெரிஞ்சுக்கணும். சாமி, சடங்கு, கல்யாணம், சாவு எல்லாம். ஒரு நாள் கண்ணாடிக் குவளையிலே ரம் ஊத்தி நீட்டினார். ஜமைக்காவிலேர்ந்து வந்ததாம். "எப்படி?"ன்னார். நான் ஒரு வாய் குடிச்சுட்டு, "நல்லாருக்கு. ஆனா எங்க அண்ணி வடிக்கிறதுக்கு இது கால்தூசி"ன்னேன்.

வாய் தவறியெல்லாம் சொல்லலை. பெருமையாத்தான் சொன்னேன். நம்ம வீட்டுச் சரக்கை நாம உசத்திச் சொல்லக் கூடாதா?

துரை குவளையைக் கீழே வெச்சார். "அப்படியா?"ன்னார். அவர் கேட்டார், நான் சொன்னேன். முனி, முதல் வெல்லம், தொன்னை, முக்காடு, இல்லைன்னு சொல்லாத வழக்கம், எல்லாம். எவ்வளவு அருமையாச் சொன்னேன் தெரியுமா? எனக்கே என் இங்கிலீஷ் மேலே ஆசையா இருந்துது. துரைக்குக் கண்ணு கலங்கிட்டுது. "எவ்வளவு அழகான வழக்கம், நான் இதைப் பார்க்கணுமே"ன்னார். பார்க்கணும்னுதான் சொன்னார். பிடிக்கணும்னு சொல்லலை. கடலூர் ஆபீஸிலே மொழிபெயர்ப்புக்கு ஒரு இடம் காலியா இருக்குன்னும் அன்னைக்குத்தான் ஒரு பேச்சு வந்தது. அது வேறே பேச்சுங்க. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை.

அப்ப மாசி மாசம். மறுநாள் காலையிலே எங்க வீட்டுக்கே வந்துட்டார். தொப்பியைக் கழட்டிக் கக்கத்திலே வெச்சுக்கிட்டு, பூவரச இலைத் தொன்னை ஒண்ணைக் கையிலே ஏந்திக்கிட்டு. தொன்னை நான் தைச்சுக் கொடுத்ததுதான். வரும்போது ஆமணக்கு வேலிக்குப் பின்னாடி ரெண்டு டவாலிச் சேவகனுங்க நின்னுக்கிட்டிருந்தானுங்க. வெயிலுக்கு ஒதுங்கியிருக்கானுங்கன்னு நினைச்சேன். காலை வேளைதான், வெயில் ஏறலை. இருந்தாலும் நான் அப்படித்தான் நினைச்சேன்.

வாசல்லே நின்னோம். துரைக்கு வார்த்தை வரலை. "முன்... முன்..."ங்கறார். என்னைத் திரும்பிப் பார்த்தார். வழக்கமா கோர்ட்டிலே பார்ப்பாங்களே, அந்தப் பார்வை. நான் சொன்னேன்.

"முனிக்கு."

உள்ளேர்ந்து அண்ணி வந்தாங்க. முக்காட்டை நெத்திக்குக் கீழே இழுத்து விட்டிருந்தாங்க. சொம்பு கையிலே. தொன்னையைப் பார்த்தாங்க. அதைப் பிடிச்சிருக்கிற கையைப் பார்த்தாங்க. வெள்ளைக் கை, செம்பட்டை மயிரு, விரல்லே மோதிரம். நான் பார்த்துக்கிட்டே இருந்தேன். தொன்னை நிறைய ஊத்தினாங்க. என் குரல்தான்னு தெரியாமலா இருக்கும்? ஒரே வீட்டிலே சோறு திங்கறோம். தரையைப் பார்த்தபடியே, "இது குடிக்கிற கை. கேட்ட கை எங்கே? அதுக்குத் தொன்னை கொண்டாரலியா?"ன்னாங்க.

துரை மோந்து பார்த்தார். ஒரு வாய் குடிச்சார். "யூ வேர் ரைட்"னார் என்கிட்டே. நீங்க சொன்னது சரிதான்னு அர்த்தம். அப்புறம் சீழ்க்கை அடிச்சார்.

சேவகனுங்க ரெண்டு பேரும் என்னைத் தாண்டித்தான் உள்ளே ஓடினானுங்க. ஊறல் பானை, வடிக்கிற பானை, குழல் எல்லாம் வெளியே வந்துது. துரை இங்கிலீஷிலே பேசறார். நான் பக்கத்திலே நின்னு தமிழிலே சொல்றேன்: "உன்னைக் கைது செய்கிறேன்." அந்த வார்த்தை என்னுது இல்லீங்க, அவருது. அண்ணி அப்பத்தான் முக்காட்டை விலக்கி என் முகத்தைப் பார்த்தாங்க. "சரி தம்பி, அடுப்பிலே சோறு இருக்கு, இறக்கி வெச்சுட்டு வந்துடறேன்னு துரைகிட்டே சொல்லு"ன்னாங்க. அதையும் சொன்னேன்.

என் மேலே என்ன தப்பு இருக்கு இதிலே? துரை கேட்டது உண்மை, நான் சொன்னது உண்மை. நடுவிலே நான் வெறும் வாய். ஊர்லே எவனும் என்னை ஒண்ணும் சொல்லலை. அதுதான் பிரச்சினை. பேச்சை நிறுத்திட்டாங்க. மாடு கன்னு போட்டதைக்கூடச் சொல்லமாட்டேங்கறாங்க. அண்ணி மட்டும் வேளாவேளைக்குச் சோறு போடறாங்க. முக்காடு போட்டுக்கிட்டு. என் கையை மட்டும் பார்த்து.

துரை இப்ப இங்கே இல்லை. ஊட்டிப் பக்கம் மாத்தலாகிப் போய்ட்டார். சொல்லிக்கிட்டுக்கூடப் போகலை. சாட்சிக்கும் வரமுடியாதுன்னு எழுதிட்டாராம். ஆபீஸிலே அந்த இடத்துக்கு வேறே யாரையோ போட்டாச்சாம். அதை நான் எதிர்பார்க்கவும் இல்லை. சேவகனுங்க வேலிக்குப் பின்னாடி நின்னவனுங்க, யாரு ஊத்தினா, யாரு வாங்கினான்னு கண்ணாலே பார்க்கலை. பாக்கி நான் ஒருத்தன். இன்னைக்குக் கூண்டிலே ஏறி, அந்தப் பானை யாருதுன்னு நான் சொல்லணும். மாஜிஸ்ட்ரேட் தமிழர். மொழிபெயர்க்க வேண்டாம்.

வக்கீல் ஒருத்தரைப் பார்த்தேன். கெட்டிக்காரர். "வீடு அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் பொதுவிலே இருக்கு. பானை என்னுதுன்னு நீர் சொல்லிடும். அந்தம்மா குறுக்கே விழுந்து என்னுதுன்னு சொன்னாலும், பொம்பளை பயத்திலே உளர்றான்னு விட்டுடுவாங்க. உமக்கு ஆறு மாசம் கிடைக்கும். அந்தம்மா வீட்டுக்குப் போகலாம்"னார். கேட்டதும் எனக்கு எப்படி இருந்துது தெரியுமா? நெஞ்சிலேர்ந்து ஒரு மூட்டையை இறக்கின மாதிரி. அன்னைக்குத்தாங்க மாசிக்கப்புறம் நல்லாத் தூங்கினேன்.

காலையிலே எழுந்ததும் அண்ணிகிட்டே போய்ச் சொன்னேன். சந்தோஷப்படுவாங்கன்னு நினைச்சேன். முறத்திலே அரிசி புடைச்சுக்கிட்டிருந்தாங்க. புடைக்கிறதை நிறுத்தலை.

"எத்தினி மாசம்னாரு?"

"ஆறு மாசம் அண்ணி."

"அத்தை ரெண்டு தடவை போய்ட்டு வந்தாங்க. நீ சீமையிலே இருந்தே. உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டாங்க."

எங்க அம்மாங்க. எனக்குத் தெரியாது. எங்க ஊர்லே முனிப்பானைக்காக உள்ளே போன பொம்பளை திரும்பி வந்தா, எல்லையிலேயே நிறுத்தி மஞ்சத்தண்ணி ஊத்திக் காலைக் கழுவி, மேளத்தோட கூட்டிக்கிட்டு வருவாங்களாம். அப்படி எங்க அம்மா வந்திருக்காங்க. நான் அன்னைக்கு நேட்டால்லே எவனோட களவையோ இங்கிலீஷாக்கிக்கிட்டிருந்திருப்பேன்.

"நீங்க ஏன் போகணும் அண்ணி? உங்க மகன் வெளியூர் வேலையிலே இருக்கான், மருமக மாசமாத் தாய்வீடு போயிருக்கா, பேரப்பிள்ளை பிறக்கிற நேரம். நான் போறேன்"னேன்.

முறத்தைக் கீழே வெச்சுட்டாங்க.

"தம்பி, நீ படிச்சவன். எனக்குச் சொல்லத் தெரியலை. முனிப்பானை ஆம்பளைது ஆனதே கிடையாது. கோர்ட்டிலே சத்தியம் வெச்சு நீ உன்னுதுன்னு சொன்னா, ஊரு அதைத்தான் புடிச்சுக்கும். முறை நம்ம வீட்டை விட்டுப் போயிடும். மேலத்தெருப் பங்காளிங்க எப்படா எப்படான்னு காத்துக்கிட்டிருக்காங்க. அத்தை எனக்குன்னு குடுத்தது அது ஒண்ணுதான். நான் என் மருமகளுக்குக் குடுக்க இருக்கிறதும் அது ஒண்ணுதான்."

"அதுக்காக ஜெயிலுக்கா போவீங்க?"

"ஜெயிலுக்குப் போனா திரும்பி வருவேன். பானையை உன்னுதுன்னு சொல்லிட்டா நான் எதுக்குத் திரும்பி வர்றது?"

அப்புறம் மறுபடி முறத்தை எடுத்துக்கிட்டாங்க. "நடந்தது எதுவோ அதைச் சொல்லு. முனிக்குன்னு நான்தான் கேட்டேன், அவ ஊத்தினான்னு சொல்லு. உன் வாயாலே சொல்லு. அது போதும் எனக்கு"ன்னாங்க.

அது போதுமாம்! எவ்வளவு சுலபமாச் சொல்லிட்டாங்க, பார்த்தீங்களா? அத்தனை பேருக்கு நடுவிலே, கூண்டிலே நின்னு, நான்தான் கேட்டேன்னு நான் சொல்லணும். ஊர் ஜனம் பின்னாடி உட்கார்ந்திருக்கும். அவங்க ஆறு மாசத்துக்கு உள்ளே போவாங்க, நான் இதே பஸ்ஸிலே திரும்பி வந்து, அந்த வீட்டைத் திறந்து, விளக்கேத்தி, நானே உலை வெச்சுச் சாப்பிடணும். அதை யோசிச்சுப் பார்த்தாங்களா? படிக்காதவங்க. சட்டமும் தெரியாது, ஒரு மனுஷனோட மனசும் தெரியாது. அவங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்னு எப்படிப் புரிய வைக்கிறது?

என்ன சிரிப்பு முன்னாடி? ஓ, கண்டக்டர். "காசாம்பு அக்கா, கேஸு ஜெயிச்சா எனக்கு ஒரு தொன்னை"ங்கறான். அண்ணி என்ன சொன்னாங்க, கேட்டீங்களா? "கையைக் காட்டு, ஊத்தறேன். மூஞ்சியைக் காட்டாதே, அந்தக் கண்றாவியைப் பார்க்கக் கூடாதுன்னுதான் முக்காடே." பாருங்க, ஜெயிலுக்குப் போற பொம்பளை பேசற பேச்சா இது? பஸ்ஸே சிரிக்குது. நீங்களும் சிரிக்கிறீங்க.

நீங்க ஒண்ணும் சொல்லலியே. இவ்வளவு நேரம் கேட்டீங்க. வெளியாளு, உங்களுக்கு ஒரு பக்கமும் இல்லை. என் இடத்திலே இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க? ... அவங்க சொன்னதைத்தானா? இல்லீங்க, நீங்க முழுக்கக் கேட்கலை. இரைச்சல்லே விட்டுப்போயிருக்கும். ஆறு மாசம்ங்க. அம்பது வயசுப் பொம்பளை. வேலூர் ஜெயிலு, வேலூர் வெயிலு.

கெடிலம் பாலம் வந்துட்டுது. பழத்தைக் கொஞ்சம் நகர்த்திக்குங்க, நான் எழுந்திருக்கணும். மஞ்சக்குப்பம், மஞ்சக்குப்பம்னு கத்தறான். அண்ணி முன்னாடியே இறங்கிட்டாங்க. படிக்கட்டுகிட்டே நின்னு உள்ளே பார்க்கிறாங்க. என்னைத்தான். முக்காடு இல்லை.

"பார்த்து இறங்கு தம்பி, படி உசரம்"ங்கறாங்க.

வர்றேங்க. பானை என்னுதுன்னு சொல்லப்போறேன்.